கடன் பட்டியல்

கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்படும் அமெரிக்க எம்.பி.ஏ. மாணவர் குழுக்களின் பயண நிரல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், தேதிகள் மட்டும்தான் மாறியிருக்கின்றனவோ என்று தோன்றும். நைரோபியில் இறங்கிய மறுநாள் காலை சஃபாரிகாம் தொலைபேசி நிறுவனத்தின் அலுவலகத்தில் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை பற்றி ஒரு மணி நேரம். பகலில் ஒரு வங்கி. மாலையில் இளம் நிறுவனர்கள் சிலரோடு சந்திப்பு. அடுத்த நாள் ஒரு முதலீட்டு நிதி, தவணைக்குச் சூரிய விளக்கு விற்கும் ஒரு கம்பெனி, நைவாஷா ஏரிக்கரையில் ஒரு பூப்பண்ணை. அங்கிருந்து விமானத்தில் ருவாண்டாவின் கிகாலி. காலையில் இனப்படுகொலை நினைவிடம், பிற்பகலில் காபி ஏற்றுமதியாளர். கடைசி இரண்டு நாள் மசாய் மாராவில் சிங்கம். எல்லாம் சேர்த்துப் பத்து நாளுக்குள் முடிந்துவிடும்.

இந்த நிரலைச் சுற்றுலா நிறுவனமோ பேராசிரியரோ போட்டிருப்பார் என்று நினைக்கத் தோன்றும். பல பள்ளிகளில் அதைப் போடுகிறவர்கள் மாணவர்களே. ஸ்டான்ஃபோர்டின் உலகக் கல்விப் பயணங்களுக்கு மாணவர்கள் தலைமை தாங்குகிறார்கள். சிகாகோவின் பூத் பள்ளியில், வகுப்பு தொடங்கும் முன்பே புதுமாணவர்களை இரண்டாமாண்டு மாணவர்கள் வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம் இருக்கிறது. ஹார்வர்டில் ஜப்பானிய மாணவர்கள் ஜப்பானுக்கும் கொலம்பிய மாணவர்கள் கொலம்பியாவுக்கும் சகமாணவர்களைக் கூட்டிப் போகிறார்கள். எங்கே போவது, எதைப் பார்ப்பது, யாரைச் சந்திப்பது என்பதை இருபத்தேழு இருபத்தெட்டு வயதில் மூன்று நான்கு பேர் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். பேராசிரியர் ஒருவர் கூடப் போவார். பெரும்பாலும் பேருந்தின் முன் இருக்கையில் அமர்ந்து, அவசியப்பட்டால் மட்டும் பேசுவார்.

பல பயணங்களில் தெரியாத ஊருக்குத் தெரியாதவரே தலைமை தாங்குவது வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கு இதில் குறை சொல்ல எதுவுமில்லை. தெரிந்தவர் கூட்டிப் போனால் பின்னால் வருகிறவர்கள் குறிப்பெடுப்பார்கள். தெரியாதவர் கூட்டிப் போனால் சேர்ந்து தேடுவார்கள். என் கேள்வி வேறு. தேடிக் கண்டதற்கு விலை என்ன, அதைக் கொடுத்தது யார்?

*

மேலாண்மைப் பள்ளிகள் தங்கள் மாணவர்களை வளரும் நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியதற்குப் பின்னணி உண்டு. 1992லேயே பெர்க்லியின் ஹாஸ் பள்ளி வெளிநாட்டு நிறுவனங்களில் மாணவர்கள் நேரடியாக வேலை செய்யும் திட்டத்தை ஆரம்பித்தது. எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளி 2000இல் ஜி-லேப் என்ற இதே மாதிரித் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் இதை ஒரு பெரிய அலையாக மாற்றியது 2008இன் நிதி நெருக்கடி. வால் ஸ்ட்ரீட்டை நடத்திய கெட்டிக்காரர்கள் எங்கே படித்தார்கள் என்ற கேள்வி எழுந்தபோது பள்ளிகள் கூனிக்குறுகின. 2010இல் ஸ்ரீகாந்த் தாத்தர், டேவிட் கார்வின், பேட்ரிக் கல்லன் மூவரும் எம்.பி.ஏ. படிப்பை மறுபரிசீலனை செய்து ஒரு நூல் எழுதினார்கள். அறிவதை மட்டும் கற்பிக்கிறோம், செய்வதையும் எப்படி இருப்பது என்பதையும் விட்டுவிட்டோம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஹார்வர்டு வணிகப் பள்ளியின் தலைவராகப் பொறுப்பேற்ற நிதின் நோரியா பின்னர் முதலாண்டுப் பாடத்திட்டத்தை மாற்றினார். 2012 ஜனவரியில் சுமார் 900 மாணவர்கள், அதாவது மொத்த முதலாண்டு வகுப்புமே, வளரும் நாடுகளின் நகரங்களுக்கு விமானம் ஏறினார்கள்.

ஆக, இந்தப் பயணம் பிறந்ததே ஒரு சந்தேகத்திலிருந்துதான். வகுப்பறையில் உட்கார்ந்து கேஸ் என்னும் நிறுவன ஆய்வுகளைப் படித்து உலகத்தைத் தெரிந்துகொண்டோம் என்று நம்பியவர்கள் உலகத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். சரி, போய்ப் பார்க்கட்டும். நியாயமான சந்தேகம், நியாயமான தீர்வு. சிக்கல், போய்ப் பார்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில் இருக்கிறது.

தலைமை ஏற்கும் மாணவருக்கு உண்மையான வேலை பயணத்துக்கு நாலைந்து மாதம் முன்பே ஆரம்பித்துவிடும். முன்னாள் மாணவர் பட்டியலைத் திறந்து நைரோபி என்று தேடுவார். வருகிற பெயர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் போகும். நாங்கள் இத்தனை பேர், இன்ன தேதியில் வருகிறோம், உங்கள் நேரத்தில் ஒரு மணி கிடைக்குமா? பாதிப் பேர் பதில் எழுத மாட்டார்கள். எழுதியவர்களில் சிலர் கடைசி வாரத்தில் தேதி மாற்றுவார்கள். இன்னொரு பக்கம் பேருந்து, விடுதி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை, காப்பீடு, மீன் சாப்பிடாதவர், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர். போன பிறகோ தலையெண்ணிப் பேருந்தில் ஏற்றுவதிலிருந்து, கூட்டத்தில் யாரும் வாய் திறக்காதபோது முதல் கேள்வியைக் கேட்டுப் பேச்சைத் தொடங்கிவைப்பதுவரை அவர் பொறுப்பு. சம்பளமும் அதிகாரமும் இல்லாமல், தனக்குச் சமமானவர்களைக் கட்டிக் காக்கும் இந்த வேலை கற்றுக்கொடுப்பதை எந்தத் தலைமைப் பண்பு வகுப்பும் கற்றுக்கொடுக்காது.

ஆனால் நிரல் எப்படி உருவாயிற்று என்று பாருங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதியவர்களால் உருவாயிற்று. பதில் எழுத ஆங்கிலம் வேண்டும், அலுவலகம் வேண்டும், முப்பது பேரை உட்காரவைக்கும் அறை வேண்டும், அமெரிக்கப் பள்ளியோடு உறவு வைத்திருப்பதில் ஒரு லாபமும் வேண்டும். இந்த நான்கும் உள்ளவர்கள் நாட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரின் கென்யாதான் மாணவர்களுக்குக் கிடைக்கிறது. நகரத்தில் அவர்கள் சந்திப்பவர்களில் கணிசமானோர் அவர்களைப் போலவே பாஸ்டனிலோ லண்டனிலோ படித்துத் திரும்பியவர்கள். அவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது மாணவர்களுக்கு முன்பே தெரிந்த மொழியில் இருக்கிறது என்கிறேன்.

*

ஏசி பேருந்தின் கண்ணாடிக்கு வெளியே நைரோபியில் எப்போதும் ஒரு மடாடு ஓடிக்கொண்டிருக்கும். பக்கமெல்லாம் ஓவியம், உள்ளே காது கிழியும் பாட்டு, வாசலில் தொங்கும் கண்டக்டர். நகரம் வேலைக்குப் போய் வருவது இந்தத் தனியார் வேன்களில்தான். அதன் பொருளாதாரம் ஒரு பாடப்புத்தகத்துக்கு நிகர். வண்டி ஒருவருடையது, ஓட்டுபவர் இன்னொருவர். உரிமையாளர் நாளுக்கு இவ்வளவு என்று ஓர் இலக்கு வைப்பார். டீசலும் வழிச் செலவும் போக, இலக்கைக் கட்டிய பிறகு மிஞ்சுவது ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும். மிஞ்ச வேண்டுமானால் வேகம் வேண்டும், ஆள் அடைக்க வேண்டும், முன்னால் போகும் வண்டியை முந்த வேண்டும். நம் ஊரில் நாள் வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டுபவர் இந்தக் கணக்கை மூச்சுவிடாமல் சொல்வார். முதலாளிக்கும் முகவருக்கும் இடையே நலன்கள் முரண்படும்போது என்ன நடக்கும் என்று எம்.பி.ஏ. படிப்பில் கற்பிக்கிறார்கள். அதன் உயிருள்ள உதாரணம் பேருந்தை உரசிக்கொண்டு போகிறது. அது நிரலில் இல்லை. மின்னஞ்சல் அனுப்ப அதற்கு முகவரி கிடையாது.

கென்யாவில் பிறந்த மாணவர் ஒருவர் குழுவின் தலைவர்களில் ஒருவராக இருந்தால் மடாடுவைப் பற்றி அவருக்குக் குழந்தைப் பருவத்திலிருந்தே தெரியும். ஆனால் சொந்த நாட்டுப் பயணத்துக்குத் தலைமை தாங்குபவரின் சங்கடம் தனி. வகுப்புத் தோழர்கள் முன்னால் நாடு மதிப்பாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருக்கும். கண்ணாடிக் கட்டடமும் இளம் நிறுவனர்களும் அந்த ஆசைக்கு உதவுவார்கள். தொங்கும் கண்டக்டர் உதவ மாட்டார். வெளிநாட்டுத் தோழர் அறியாமையால் விடுவதை இவர் அறிந்தே விடுகிறார். இதற்காக அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. வருகிறவர்கள் என்ன எண்ணத்தோடு வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

நிரலில் இடம்பெறாத இன்னோர் இடம் கிகோம்பா. நைரோபியின் மிகப் பெரிய பழந்துணிச் சந்தை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மக்கள் தானப் பெட்டிகளில் போட்ட சட்டைகள் தரம் பிரிக்கப்பட்டு, பேல்களாக இறுக்கிக் கட்டப்பட்டு மொம்பாசா துறைமுகம் வழியாக வந்து சேருமிடம். பேலை வாங்கும் வியாபாரி உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்கும்வரை அறியமாட்டார். லாட்டரிச் சீட்டின் படபடப்போடு ஒவ்வொரு பேலும் திறக்கப்படுகிறது. 2016இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து, மூன்றாண்டுக்குள் பழந்துணி இறக்குமதியை நிறுத்தி உள்ளூர் ஆலைகளை வளர்ப்பது என்று முடிவெடுத்தன. அமெரிக்கப் பழந்துணி வணிகர் சங்கம் தன் அரசிடம் முறையிட்டது. ஆப்பிரிக்க நாடுகளுக்குத் தீர்வையில்லா வணிகம் தரும் அகோவா சட்டத்தின் சலுகை பறிபோகும் என்ற எச்சரிக்கை வந்தது. கென்யா பின்வாங்கியது. ருவாண்டா பின்வாங்கவில்லை, 2018இல் அதன் ஆயத்த ஆடைகளுக்கான சலுகையை அமெரிக்கா நிறுத்திவைத்தது.

வளரும் சந்தை எப்படி வளர்கிறது, எப்படி வளரவிடாமல் தடுக்கப்படுகிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை அந்த நகரத்தில் வேறு கிடைக்குமா என்று தெரியவில்லை. அதில் மாணவர்களும் பாத்திரங்கள். அவர்கள் தானப் பெட்டியில் போட்ட சட்டை அங்கே தொங்கிக்கொண்டிருக்கலாம். பார்வையாளராக வந்தவர் காட்சிக்குள் நிற்பதைக் கண்டுகொள்ளும் ஒரு பிற்பகல், பத்து அதிகாரிகளின் பவர்பாயிண்டை விட அதிகம் கற்றுத்தரும்.

*

நிரலில் இடம்பெறும் இடங்களுக்கும் சொல்லாத பாதி ஒன்று உண்டு. எம்-பெசாவையே எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி நிதியில் ஒரு பங்கு, வோடஃபோனின் பணம் ஒரு பங்கு என்று 2005இல் சோதனை ஓட்டம் தொடங்கியபோது அதன் நோக்கம் சிறியது. குறுங்கடன் வாங்கியவர்கள் தவணையைக் கைபேசி மூலம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். சோதனையில் சேர்ந்த சில நூறு பேர் அதை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். ஊரில் இருக்கும் உறவினருக்குப் பணம் அனுப்பினார்கள். பயணம் கிளம்பும் முன் பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த ஊரில் எடுத்துக்கொண்டார்கள்; வழிப்பறிக்குப் பயப்பட வேண்டியதில்லை. திட்டம் போட்டவர்கள் இதைக் கவனித்துக் கடன் தவணையை ஓரமாக வைத்தார்கள். 2007 மார்ச்சில் சேவை நாடெங்கும் வந்தபோது அதன் விளம்பர வாசகம் வீட்டுக்குப் பணம் அனுப்பச் சொன்னது. உலகம் கொண்டாடும் இந்த நிதிப் புதுமையின் பாதியைக் கண்டுபிடித்தவர்கள் பெயர் தெரியாத அந்தச் சில நூறு பேர்.

அதைத் தாங்கி நிற்பவர்கள் ஏஜென்ட்டுகள். பச்சை வண்ணம் பூசிய பெட்டிக்கடைக்குள் இருப்பவரிடம் ரொக்கமும் இருக்க வேண்டும், கைபேசிக் கணக்கில் இருப்பும் இருக்க வேண்டும். நகரத்தில் ஜனங்கள் போடுவது அதிகம், கிராமத்தில் எடுப்பது அதிகம். ஆகவே கிராமத்துக் கடையில் மதியத்துக்குள் ரொக்கம் தீரும். வங்கி இருக்கும் ஊருக்குப் போய்ப் பணத்தோடு திரும்பிவர வேண்டும். கடையை யார் பார்ப்பது, கையில் பணத்தோடு வரும்போது யார் துணை? இந்தத் தலைவலியைச் சுமக்கிறவர் பேசினால் எம்-பெசா என்பது செயலியாகத் தெரியாது. நடையாகவும் பஸ் கட்டணமாகவும் தெரியும். அதே கைபேசியில் 2012இல் சிறுகடன் வந்தது. பின்னால் டஜன் கணக்கில் கடன் செயலிகள் வந்தன. சில நூறு ஷில்லிங் பாக்கிக்காக மக்கள் கடன் தகவல் நிறுவனங்களின் கறுப்புப் பட்டியலில் ஏறினார்கள். 2022இல் கென்ய மத்திய வங்கி இந்தச் செயலிகளை ஒழுங்குபடுத்த விதிமுறை போட வேண்டியிருந்தது. கடன் செயலி நடத்தும் நிறுவனர் நிரலில் இருப்பார். கறுப்புப் பட்டியலில் இருப்பவரை மாணவர்கள் சந்திப்பதில்லை.

சந்திக்க வேண்டும் என்று தலைவர் ஒருவர் முடிவெடுத்தால் உடனே அடுத்த கேள்வி எழுகிறது. அதைத்தான் நான் ஆரம்பத்தில் விலை என்றேன்.

*

தலைமை அதிகாரி ஒருவர் முப்பது மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் அவருக்குத் திரும்பி வருவது ஏராளம். நாளைக்கு முதலீட்டு நிதிகளில் உட்காரப் போகிறவர்கள் இவர்கள்தான். அவர் நிறுவனத்தின் பெயர் அவர்கள் மனதில் பதியும். ஒரு கேஸ் எழுதப்படலாம். அவர் கொடுத்தது தானம் போலத் தெரிந்தாலும் முதலீடுதான். அவரும் அதை அறிந்தே கொடுக்கிறார். ஏஜென்ட்டின் கடையை முப்பது பேர் ஒரு மணி நேரம் அடைத்துக்கொண்டு நின்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அந்தக் கமிஷன் போனது போனதுதான். கடன் பட்டவரோ தன் அவமானத்தை ஆங்கிலம் தெரிந்த அந்நியர்களுக்கு முன் மொழிபெயர்ப்பாளர் மூலம் இன்னொரு தடவை அனுபவிக்க வேண்டும். ஒரே அறுபது நிமிடம்; கொடுப்பவரின் ஏழ்மை கூடக்கூட அதன் விலையும் கூடுகிறது. பெறுபவரோ எல்லாரிடமும் இலவசமாகவே பெறுகிறார். விலை நிர்ணயத்தை ஒரு பாடமாகப் படிப்பவர்கள் இந்தப் பத்து நாளில் எதற்கும் விலை கேட்பதில்லை.

நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் வளர்ந்து, பின்னர் ஷோஃப்கோ என்ற அமைப்பைக் கட்டிய கென்னடி ஒடேடே 2010இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். குடிசைப் பகுதிச் சுற்றுலாவைப் பற்றியது. பதின்ம வயதில் தன் வீட்டு வாசலில் வெள்ளைக்காரப் பெண் ஒருவர் தன்னைப் படம் எடுத்ததை அதில் நினைவுகூர்ந்தார். வருகிறவர்கள் எதையோ பெற்றுக்கொண்டு போகிறார்கள், இருப்பவர்கள் தங்கள் மானத்தை இழக்கிறார்கள் என்பது அவர் வாதம். வணிக மாணவர்கள் தங்களைச் சுற்றுலாப் பயணிகளோடு சேர்த்துப் பேசுவதை விரும்ப மாட்டார்கள். அவர்களிடம் இருப்பது கேமரா மட்டுமல்ல, கேள்வித்தாளும் இருக்கிறது. ஆனால் கேள்வித்தாளுக்கும் ஒடேடேயின் கேள்வி பொருந்தும்: என்னிடம் எடுத்ததற்குப் பதிலாக இங்கே என்ன விட்டுப் போகிறாய்?

*

இந்தக் கேள்விக்கு மேலாண்மை உலகம் கொடுத்த மிகப் பிரபலமான பதில் கோயம்புத்தூரில் பிறந்த ஒருவரிடமிருந்து வந்தது. சி.கே. பிரகலாத் சென்னை லயோலாவில் இயற்பியல் படித்து, யூனியன் கார்பைடின் பேட்டரித் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அகமதாபாத் வழியாக ஹார்வர்டுக்குப் போய், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். பிரமிடின் அடித்தளத்தில் இருக்கும் கோடிக்கணக்கான ஏழைகளைத் தானம் பெறுபவர்களாகப் பார்க்காதீர்கள், வாடிக்கையாளர்களாக மதியுங்கள் என்று அவர் 2004இல் எழுதிய நூல் சொன்னது. பலர் கவனிக்காத செய்தி, அந்த நூலின் பின்பாதியில் உள்ள கேஸ்கள் பலவற்றுக்காக ஊர் ஊராகப் போய்த் தகவல் திரட்டி எழுதியவர்கள் அவருடைய எம்.பி.ஏ. மாணவர்கள் என்பது. பிரேசிலின் காசாஸ் பாஹியா, மெக்சிகோவின் செமெக்ஸ், ஜெய்ப்பூர் செயற்கைக் கால் என்று நீளும் அந்தக் கேஸ்களில் ஒன்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றியது.

அரவிந்துக்குப் பார்வையாளர்கள் புதிது இல்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரை அண்ணா நகரில் பதினொரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. பணம் கட்டும் நோயாளியின் வருமானத்தில் கட்ட முடியாதவருக்கும் அதே அறுவை செய்யும் அதன் கணக்கைப் பற்றி 1993லேயே ஹார்வர்டில் கஸ்தூரி ரங்கன் கேஸ் எழுதிவிட்டார். அரவிந்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, வந்து கேட்பவர்களை அது கையாண்ட விதம். 1992இல் லயன்ஸ் அமைப்பின் துணையோடு லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தைக் கட்டினார்கள். வேறு ஊர்களிலும் வேறு நாடுகளிலும் இருக்கும் கண் மருத்துவமனைகளின் ஆட்கள் அங்கே வந்து கற்று, திரும்பிப் போய்த் தங்கள் மருத்துவமனையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்டதை எடுத்துப்போய் எங்காவது ஒரு நோயாளிக்குப் பார்வை கிடைத்தால் கணக்கு நேராகிவிடுகிறது. கேட்டதை எடுத்துப்போய் மதிப்பெண்ணாக மாற்றிக்கொள்பவருக்கு அப்படி நேராக்கும் வழி இல்லை.

பிரகலாதின் வாதத்தைக் கடுமையாக மறுத்தவர் அதே மிச்சிகன் பள்ளியில் அடுத்த அறையில் இருந்தவர் என்றே சொல்லலாம். அனீல் கர்னானி என்ற பேராசிரியர், அடித்தளத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் செல்வம் பெரிதும் கானல்நீர் என்றார். ஏழைக்கு விற்பதால் ஏழ்மை போகாது; அவர் செய்யும் பொருளையும் உழைப்பையும் நல்ல விலைக்கு வாங்குங்கள் என்பது அவர் நிலைப்பாடு. இந்தச் சண்டை கல்விப் பயணத்துக்கும் பொருந்தும். ஏழையிடம் தகவல் வாங்குகிறோம். அவரும் ஒன்றை விற்பவர்தான். ஆனால் விலைப்பட்டியல் எழுதாத விற்பவர்.

*

வளரும் சந்தை என்ற வகைப்பாட்டின் உள்ளேயே இந்த ஏற்றத்தாழ்வு இருக்கிறது. நியூயார்க்கிலிருந்து பங்குச் சந்தைக் குறியீடுகள் வெளியிடும் எம்.எஸ்.சி.ஐ. நிறுவனம் நாடுகளைத் தரம் பிரிக்கும்போது பார்ப்பவற்றில் முக்கியமானது, வெளிநாட்டு முதலீட்டாளர் எவ்வளவு சுலபமாக உள்ளே வந்து எவ்வளவு சுலபமாக வெளியே போகலாம் என்பது. அந்த அளவுகோலில் கிரேக்கம் 2013இல் வளர்ந்த நாட்டிலிருந்து வளரும் நாடாக இறங்கியது. பாகிஸ்தான் 2017இல் ஏறி 2021இல் இறங்கியது. கென்யா இன்னும் அதற்கும் கீழான வரிசையில் நிற்கிறது. சுலபமாக வந்து சுலபமாகப் போவது என்ற இதே தகுதியைத்தான் கல்விப் பயணமும் ஒவ்வொரு சந்திப்புக்கும் வைக்கிறது.

சுலபமாகப் போக முடியாதவர்களின் கதையும் அங்கே இருக்கிறது. பெங்களூரின் கருட்டூரி நிறுவனம் 2007இல் நைவாஷாவின் பெரிய பூப்பண்ணையை வாங்கி, உலகின் மிகப் பெரிய ரோஜா உற்பத்தியாளர்களில் ஒன்றாக எழுந்தது. எத்தியோப்பியாவின் கம்பெலாவில் ஒரு லட்சம் ஹெக்டேர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. 2014இல் நைவாஷா பண்ணையின் நிர்வாகம் கடன் கொடுத்தவர்கள் கைக்கு மாறியது; பிறகு கம்பெலா குத்தகையை எத்தியோப்பிய அரசு ரத்து செய்தது. தொழிலாளர் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை என்று ஓர் ஊரே அந்தப் பண்ணையை நம்பி இருந்தது. பூப்பண்ணைக்குப் போகும் பேருந்து இந்தக் கதை நடந்த கரையோரமாகத்தான் போகிறது. தோற்ற நிறுவனம் எந்த நிரலிலும் ஏறாது. வரவேற்க அங்கே ஆள் இல்லை என்பது ஒரு காரணம். தோல்வியின் செலவை ஏற்றவர்களிடம் கேட்க வேண்டியிருக்கும் என்பது இன்னொன்று.

*

பத்து நாள் பயணத்தை ஒழித்துவிடலாம் என்று சொல்ல இதையெல்லாம் எழுதவில்லை. பத்து நாளில் ஒருவருடைய நிச்சயம் உடையும். அதற்கே பயணம் தகும். ஆனால் எடுத்ததைத் திருப்பித் தரும் வழிகளைச் சிலர் ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் மூன்று என் நினைவுக்கு வருகின்றன.

எம்.ஐ.டி.யின் அதே ஸ்லோன் பள்ளியில் பேராசிரியரான தவ்னீத் சூரி, கென்யாவில் வளர்ந்தவர். வில்லியம் ஜாக் என்பவரோடு சேர்ந்து எம்-பெசாவின் விளைவை அளக்க அவர் அதே குடும்பங்களிடம் 2008 முதல் 2014 வரை மறுபடி மறுபடி போனார். எம்-பெசா சுமார் 1,94,000 குடும்பங்களை வறுமையிலிருந்து வெளியே கொண்டுவந்தது என்று 2016இல் அவர்கள் வெளியிட்ட மதிப்பீடு அந்தத் திரும்பிப் போதலில் பிறந்தது. இரண்டாவது ருவாண்டாவில். இனப்படுகொலைக்குப் பின் மிச்சிகன் ஸ்டேட், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகங்களும் ருவாண்டாவின் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, மராபா போன்ற ஊர்களில் காபிக் கழுவு நிலையங்களையும் சுவை பார்க்கும் பயிற்சியையும் ஆண்டுக்கணக்கில் நின்று கட்டின. கழுவாத மட்டரகக் கொட்டையாகப் போய்க்கொண்டிருந்த காபி, பெயர் சொல்லி விலை கேட்கும் காபியானது. கிகாலியில் மாணவர்கள் பிற்பகலில் குடிக்கும் காபியின் பின்னால் அந்த ஆண்டுகள் இருக்கின்றன.

மூன்றாவது, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் அனில் குப்தா தொடங்கிய தேனீ வலையமைப்பு. 1998 முதல் கோடையில் ஒரு பயணம், குளிர்காலத்தில் ஒரு பயணம் என்று கிராமம் கிராமமாக நடந்தே போகிறார்கள். யாரிடம் எதைக் கற்றார்களோ அவர் பெயரோடுதான் அதைப் பதிவு செய்ய வேண்டும். கற்றதை அவர் மொழியிலேயே திருப்பித் தர வேண்டும் என்பது அவர்கள் விதி. மதுரையிலிருந்து சேவா அமைப்பு கொண்டுவந்த ‘நம்வழி வேளாண்மை’ இதழ் அந்த வலையமைப்பின் தமிழ்க் கை. தன் பூச்சி விரட்டி முறையைச் சொன்ன விவசாயி, தன் பெயரோடு அதைத் தமிழில் படித்து, தப்பாக எழுதியிருந்தால் திருத்தவும் முடியும். எடுத்தவரைத் தட்டிக் கேட்கும் உரிமை கொடுத்தவரிடம் இருக்கிறது.

மாணவர் தலைமை தாங்கும் பயணத்தில் இல்லாதது இந்த உரிமைதான். அதற்குக் காரணம் மாணவரின் கெட்ட எண்ணம் அல்ல, படிப்பின் கால அளவு. எம்.பி.ஏ. இரண்டு ஆண்டு. தலைமை தாங்குவது இரண்டாம் ஆண்டில். பயணம் முடிந்து சில மாதத்தில் அவர் பட்டம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். அடுத்த வருடம் இன்னொருவர் அதே நைரோபிப் பயணத்துக்குத் தலைமை தாங்குவார், அதே கேள்விகளோடு. வாக்குக் கொடுத்தவர் போய்விட்டார். கொடுத்தது அடுத்தவருக்குத் தெரியாது. உங்கள் அறிக்கையை எனக்கு அனுப்புங்கள் என்று கேட்ட கடைக்காரர் யாரைக் கேட்பார்? பள்ளியின் நினைவில் தங்குவது ஒன்றே: முன்னவர் பின்னவருக்கு விட்டுப் போகும் தொடர்பு எண்களின் எக்செல் கோப்பு. யார் நன்றாகப் பேசினார், யார் அறை கொடுத்தார், யாரை மறுபடி கேட்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அந்தக் கோப்பில் இன்னொரு பக்கம் சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன். யாரிடம் எவ்வளவு நேரம் வாங்கினோம்; அந்த நேரத்தில் அவர் எதை இழந்திருப்பார், அதற்கு என்ன கொடுத்தோம்; அவர் சொன்னதை எங்கே எழுதினோம், அது அவர் மொழியில் அவர் கைக்குப் போனதா, அவர் எதைத் திருத்தினார்; எந்த வாக்கு இன்னும் பாக்கி? புதிதாகத் தலைமை ஏற்பவர் புதுச் சந்திப்புக்கு மின்னஞ்சல் போடும் முன் இந்தப் பாக்கிகளைத் தீர்க்க வேண்டும் என்று பள்ளி ஒரு விதி வைக்கலாம். செலவு சொற்பம். இருப்புநிலைக் குறிப்பின் ஒரு பக்கத்தில் சொத்து, மறுபக்கத்தில் கடன் என்று முதல் வாரத்திலேயே படிப்பவர்கள் இவர்கள். தொடர்புகளைச் சொத்தாக எழுதிக்கொள்ள யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருக்கிறது. மறுபக்கத்தை எழுதும் தலைவர், அடுத்த வருடம் வருகிறவருக்குத் தன்னுடையதைவிடச் சிறிய நிரலைத்தான் விட்டுப் போவார். ஆனால் அந்த நிரலோடு போகிறவரை, நைரோபியில் ஒரு கடைக்காரர் பெயர் சொல்லிக் கணக்குக் கேட்க முடியும்.